ஒதுக்கி வைத்தால் எங்கே போவான்?

அன்புள்ள ஐயா,

மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் உயர்தரம் படிக்கும் இரண்டு பையன்கள் ஐஸ் என்ற போதைப்பொருளைப் பாவிக்கிறார்கள். கொழும்பில் கடை வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவன்தான் பழக்கியிருக்கிறான். பொலிஸில் பிடித்துக் கொடுப்போம், கோயில் காரியத்தில் சேர்க்கக் கூடாது என்கிறார்கள் பெரியவர்கள். இளைஞர் கழகத்தில் நாங்கள் ஊர்வலம் போக யோசிக்கிறோம். நீங்கள் வந்து பேசுவீர்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஊர்வலம் போங்கள். ஆனால் அந்தப் பையன்களைக் கோயிலை விட்டு ஒதுக்க மட்டும் விடாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் டிவிஷனில் ஒரு அம்மா, கொழுந்து நிறுத்த கையோடு நேராக என் வீட்டுக்கு வந்தார். நெற்றியில் கூடைக் கயிற்றின் தடம் அப்படியே இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயைக் காட்டினார். "மகன் பேக்குல இருந்துச்சுங்க சேர். சயன்ஸ் பாடத்துக்குக் குடுத்ததுன்னு நெனச்சி ரெண்டு வாட்டி கழுவிகூட வச்சேன்" என்றார்.

அது மாசி மாதம். காமன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றும் நேரம். கூத்து வாத்தியார் அந்தப் பையனையே மதன், அதாவது காமன் வேடத்துக்குக் கேட்டார். தோட்டமே எதிர்த்தது. "கம்பத்தடிக்கு வராதேன்னா அவன் வேற எங்கப் போவான்?" என்று கேட்டவர், தன் கையாலேயே காப்புக் கட்டினார். காப்புக் கட்டினால் விரதம். அந்த நாட்களில் அவன் எரிந்து விழுந்தான், தூங்கியே கிடந்தான், அழுதான். கூட்டாளிகள் முறை வைத்து அவன் வீட்டில் படுத்தார்கள்.

கூத்தால் குணமானான் என்று சொல்ல வரவில்லை. மூன்றாம் மாதமே மறுபடி தொட்டான். ஆனால் இந்த முறை அவனே வாத்தியாரிடம் வந்து சொன்னான். அப்புறம்தான் 1927க்கு அழைத்தோம். அது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம். உங்கள் பையன்களின் வீட்டிலும் எழுதிக் கொடுங்கள். வைத்தியம் தேவைப்படும் இடத்தில் நம் அன்பு மட்டும் போதாது.

பொலிஸுக்குச் சொல்ல வேண்டியது விற்கிறவனைப் பற்றி. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு சிகரெட்டும் மதுவும் விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. உங்கள் கடைவீதியில் அதை யார் மதிக்கிறார்கள் என்று பாருங்கள். கசிப்பு என்கிற கள்ளச்சாராயத்தையும் விட்டுவிடாதீர்கள். பௌர்ணமி போயா நாளில் சாராயக் கடை மூடினாலும் எந்த வீட்டில் போத்தல் கிடைக்கும் என்பது லயத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். தீபாவளி முற்பணத்தைக் குடித்துத் தீர்க்கும் அப்பா ஐஸ் கெட்டது என்று சொன்னால் எந்த மகன் கேட்பான்? உங்கள் கூட்டத்துக்கு அம்மாமாரைக் கூப்பிடுங்கள். எங்கள் தோட்டத்தில் கசிப்பு வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தது அவர்கள்தான்.

அடுத்த ஞாயிறு வருகிறேன். மேடை, மைக் வேண்டாம். அந்த இரண்டு வீட்டுக்கும் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம். அதற்குள், இந்த வருடத் திருவிழாவில் பையன்களுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று பெரியவர்களிடம் பேசி வையுங்கள்.