களுவாஞ்சிகுடிச் சம்பந்தமும் 'வீட்டோடு மாப்பிள்ளை' பேச்சும்

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் பேசியிருக்கும் உங்கள் கலியாணத்துக்குப் பிறகு பொம்பிளை வீட்டில்தான் குடியிருக்க வேண்டும் என்பதால் 'மகன் வீட்டோடு மாப்பிள்ளையாகிறான்' என்று யாழ்ப்பாணத்தில் உங்கள் அம்மா கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அதுதான் வழமை, யாரும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. மகளுக்கு வீடு கட்டி அவள் பேரில் எழுதிவிட்டுத்தான் கலியாணம் பேசுவார்கள். காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் இதே முறைதான். (யாழ்ப்பாணத்திலும் சீதன வீடு புதிதில்லையே, அம்மாவிடம் மெல்லச் சொல்லிப் பாருங்கள்.)

பொம்பிளை வீட்டார் 'என்ன குடி?' என்று கேட்டது சாதி விசாரணை என்று நினைத்து விட்டீர்கள் போல. குடி என்பது தாய்வழியாக வரும் குலப் பிரிவு. ஒரே குடிக்குள் சம்பந்தம் செய்ய மாட்டார்கள். கோயில் உரிமைகளும் குடியை வைத்தே வரும். உங்களுக்குக் குடி இல்லை என்று சொன்னால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மட்டக்களப்பின் பழைய வழக்கச் சட்டமான முக்குவர் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை, கிழக்கில் பொதுச் சட்டம்தான். ஆனால் நீங்கள் யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழக்கச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, உங்களைக் கட்டுகிற பெண்ணும் கலியாணம் நிலைக்கும்வரை தேசவழமைக்குள் வந்துவிடுவார். அப்புறம் தாய் கொடுத்த வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பொம்பிளை வீட்டாருக்கு இது தெரியாமல் இருக்கலாம். வீட்டு உறுதிப் பத்திரம் எழுதுமுன் இரு பக்கமும் சேர்ந்து ஒரு சட்டத்தரணியிடம் போய்க் கதையுங்கள்.