எஃப்எம்ஆர்ஐ தரவில் துடிப்பும் மூச்சும்: கேள்வி பதில்

கேள்வி: இதயத்துடிப்பும் மூச்சும் மூளைப் படத்தை எப்படிக் கெடுக்கின்றன?

பதில்: எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்வதைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்) நரம்பணுக்களை நேரடியாகப் பார்ப்பதில்லை, ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் மூளைத்தண்டும் பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டிய பகுதிகளும் லேசாக அசைகின்றன. மூச்சில் மார்பு ஏறி இறங்கும்போது, தலை அசையாவிட்டாலும் காந்தப்புலம் சற்று மாறுகிறது.

கேள்வி: துடிப்பு நொடிக்கு ஏறக்குறைய ஒன்று. நான் பார்ப்பதோ 0.1 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள, மூளையின் மெதுவான ஏற்ற இறக்கங்களை. ஃபில்டர் போட்டால் போதாதா சார்?

பதில்: போதாது. டிஆர், அதாவது ஒரு முழு மூளைப் படத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, 2 நொடி என்றால் 0.25 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள எதுவும் தன் உண்மையான வேகத்தில் பதியாது. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரியுமே, அதே கோளாறு. நிமிடத்துக்கு 63 துடிப்பு, அதாவது 1.05 ஹெர்ட்ஸ், உங்கள் தரவில் 0.05 ஹெர்ட்ஸாக வந்து உட்காரும். நீங்கள் தேடும் இடமே அதுதான். ஃபில்டர் அதைத் தொடாது. பல ஸ்லைஸ்களை (மூளைப் படத்தின் மெல்லிய அடுக்குகளை) ஒரே நேரத்தில் எடுக்கும் மல்டிபேண்டில் டிஆரை 0.4 நொடிக்கு இறக்கினால் 75 துடிப்பு வரை பிரித்துப் பார்க்கலாம்.

கேள்வி: அப்புறம் என்னதான் வழி?

பதில்: ஸ்கேன் நடக்கும்போதே விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர், வயிற்றில் மூச்சு பெல்ட். இதை நான் பிடிவாதமாகச் சொல்வேன். 2000-இல் க்ளோவர் குழு வெளியிட்ட ரெட்ரோஐகோர் என்ற திருத்த முறை, ஒவ்வொரு ஸ்லைஸும் துடிப்பிலும் மூச்சிலும் எந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டது என்று பார்த்து, அந்த ஏற்ற இறக்கத்தைக் கழிக்கும். ஆனால் மூச்சின் ஆழம் மாறுவதை அது கவனிக்காது. ஒருவர் ஒரு பெருமூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், குழாய்கள் சுருங்கும், சாம்பல் பகுதி (நரம்பணுக்களின் உடல்கள் உள்ள திசு) முழுக்க சிக்னல் சில நொடிகள் கழித்து இறங்கும். மூளையெங்கும் ஒரே நேரத்தில் நடப்பதால் பகுதிகளுக்கிடையே தொடர்பு இருப்பதாகவே தோன்றும். இதற்குத்தான் 2006-இல் பர்ன் குழு மூச்சின் அளவையும் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஆர்விடி முறையைத் தந்தது. இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

கேள்வி: பதிவே எடுக்கவில்லை, ஸ்கேனும் முடிந்துவிட்டது.

பதில்: காம்ப்கார் என்ற முறை இருக்கிறது. வெண்பகுதியிலும் (நரம்பிழைகள் உள்ள திசு) மூளைத் திரவத்திலும் உள்ள ஏற்ற இறக்கங்களைப் பிரித்தெடுத்து நீக்கும். அந்தப் பகுதிகளைக் குறிக்கும் மாஸ்க்கின் ஓரங்களைச் சுருக்கிவிடுங்கள், இல்லையென்றால் சாம்பல் பகுதியின் சிக்னலும் போய்விடும். மொத்த மூளைச் சிக்னலின் சராசரியை நீக்குவதானால் கவனம்: எதிர்மறைத் தொடர்புகள் (ஒரு பகுதி ஏறும்போது இன்னொன்று இறங்குவது) அந்தக் கணக்காலேயே உண்டாகலாம். நீக்கியும் நீக்காமலும் இரண்டு முடிவுகளையும் காட்டுங்கள்.

கேள்வி: காந்தபலம் கூடிய 7 டெஸ்லா ஸ்கேனருக்குப் போனால் தீருமா?

பதில்: தீராது. சிக்னல் கூடக்கூட இந்த இரைச்சலும் கூடும். வோக்சலைச் (படத்தின் மிகச் சிறிய கனசதுர அலகை) சிறிதாக்கினால் அதன் பங்கு குறையும்.

கேள்வி: பதிவு எடுத்தும் திருத்தம் சரியாக வரவில்லையே?

பதில்: முதலில் வரைபடத்தைக் கண்ணால் பாருங்கள். பெல்ட் தளர்ந்தாலோ விரல் குளிர்ந்தாலோ அலை தட்டையாகிவிடும். அடுத்து, ஸ்கேன் தொடங்குவதைச் சொல்லும் ஸ்கேனரின் ட்ரிகரோடு பதிவின் தொடக்கம் பொருந்துகிறதா என்று பாருங்கள். அரை நொடி தள்ளியிருந்தாலே துடிப்பின் கட்டம் ஏறக்குறைய தலைகீழாகிவிடும்.