மேஜை போயும் மேனேஜர் போகலை

கேள்வி: பேங்க்ல மேனேஜரா இருந்து 60 வயசுல ரிட்டயர் ஆனவன் சார். சும்மா உட்காரப் பிடிக்காம வீட்டு நிர்வாகத்தை கையில எடுத்தேன். கிச்சன் டப்பாவுக்கெல்லாம் லேபிள் ஒட்டினேன், சிலிண்டர் மாத்தின தேதி, துவரம்பருப்பு தீர்ற தேதின்னு ஒரு நோட்டு போட்டேன், வேலைக்கு வர்ற அம்மா எத்தனை மணிக்கு வர்றாங்கன்னும் குறிச்சு வைக்கறேன். மனைவி இப்பல்லாம் சரியா பேசறதே இல்லை. நல்லது செஞ்சாலும் ஏன் சார் இவ்வளவு கோவம்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: லேபிள் ஒட்டினீங்க, சந்தோஷம். அந்த டப்பாவை எறக்கி, உள்ள இருந்ததைக் கொட்டி, கழுவி, வெயில்ல காயவச்சு, திரும்ப ரொப்பி வச்சது யாரு சார்? உங்க கேள்வியில அது வரவே இல்லையே. இத்தனை வருஷமா லேபிளே இல்லாம, கரண்ட் போன ராத்திரியில கூட கை வச்ச இடத்துல கடுகை எடுத்து தாளிச்சவங்களுக்கு நீங்க போய் "கடுகு"ன்னு எழுதி ஒட்டியிருக்கீங்க. கோவம் வராம என்ன பண்ணும்? ஒட்டினது கிழிக்கும்போது பசை போகலைன்னா தேங்கா எண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டு துடைச்சா வந்துரும், அதையாவது நீங்களே செய்யுங்க.

வேலைக்கு வர்ற அம்மா விஷயம் இன்னும் மோசம். அவங்க நாளைக்கு வேற வீடு பாத்துக்கிட்டு போயிட்டா பாத்திரம் யார் தேய்க்கப் போறா, நீங்களா? அந்த நோட்டை இன்னைக்கே கிழிச்சுப் போடுங்க.

நீங்க செஞ்சுக்கிட்டு இருக்கறது வேலை இல்லை சார், இன்ஸ்பெக்‌ஷன். வீட்ல இருக்கறவங்க ஏற்கனவே நல்லா செய்யறதுக்குப் பக்கத்துல போய் நின்னு பேனாவை மூடித் திறக்கறீங்க. ஆனா அதே வீட்ல ஒருத்தரும் தொடாத வேலை எவ்வளவு கிடக்கு தெரியுமா? சிலிண்டர் மாத்தின தேதி எழுதினீங்களே, அதோட மேல் வளையத்தைத் தாங்கற பட்டையோட உள்பக்கம் A, B, C, Dன்னு ஒரு எழுத்தும் பக்கத்துல வருஷமும் போட்டிருக்கும், என்னைக்காவது படிச்சிருக்கீங்களா? A-ன்னா மார்ச் வரைக்கும், B ஜூன், C செப்டம்பர், D டிசம்பர். சிலிண்டரை மறுபடி டெஸ்ட் பண்ண வேண்டிய கெடு அது, அந்தக் கெடு தாண்டின சிலிண்டர் வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பணும். ஸ்டவ்வுக்குப் போற ஆரஞ்சு டியூப் 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், தேதி அது மேலயே இருக்கும். மீட்டர் பக்கத்துல ஈஎல்சிபின்னு ஒண்ணு இருந்தா மாசம் ஒரு தடவை அதுல இருக்கற டெஸ்ட் பட்டனை அமுக்குங்க, டப்புனு விழணும், விழலைன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. ஷாக் அடிச்சா காப்பாத்த வேண்டிய சாமான் அது, பாதி வீட்ல வாங்கி மாட்டினதோட சரி.

ஃப்ரிட்ஜ் பின்னாடி தண்ணி சேர்ற தட்டு ஒண்ணு இருக்கு, குனிஞ்சு பாருங்க. டெங்கு கொசு சாக்கடைய தேடிப் போகாது, நல்ல தண்ணி தான் அதுக்கு வேணும், முட்டை கொசுவா ஆகறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்த தட்டையும் பூந்தொட்டி தட்டையும் கொட்டித் தேய்க்கறது இனிமே உங்க டிபார்ட்மென்ட். ஃபேன் மெதுவா சுத்துதா, புது ஃபேன் வாங்க கிளம்பிடாதீங்க, முக்கால்வாசி கெப்பாசிட்டர் தான் போயிருக்கும், வீட்டு ஃபேனுக்கு பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், கொஞ்சக் காசு தான். ஆனா தயவுசெஞ்சு ஸ்டூல் மேல நீங்க ஏறாதீங்க. இந்த வயசுல விழுந்தா இடுப்பு எலும்பு, அப்புறம் அவங்க தான் உங்களுக்கும் பெட்பேன் வைக்கணும். ஆள் ஏறட்டும், நீங்க ஏணியைப் பிடிங்க.

இதெல்லாம் கஷ்டமா தெரிஞ்சா ருசியான வேலைலருந்து ஆரம்பிங்க. காபி ஃபில்டர் இறங்கவே மாட்டேங்குதுன்னு மேல தட்டிக்கிட்டே இருப்பாங்க இல்ல, ஓட்டையெல்லாம் தூளும் உப்பும் அடைச்சிருக்கும். மேல் டப்பாவை மட்டும் இடுக்கியில பிடிச்சு அடிப்பக்கத்தை அடுப்புல காட்டுங்க, உள்ள இருக்கறது எரிஞ்சு போனதும் நல்லா ஆறவிட்டு பிரஷ் போட்டுத் தேய்ச்சா வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, ஒவ்வொரு ஓட்டையும் தெரியும், அந்த சுகம் இருக்கே, ப்ரமோஷன் ஆர்டர்ல கூட கிடைச்சிருக்காது. ராத்திரியே டிகாக்‌ஷன் போட்டு வச்சுட்டு, காலையில அவங்க எழுந்திரிக்கறதுக்குள்ள பாலைக் காய்ச்சி ஒரு டம்ளர் கொண்டு போய் கொடுங்க. கொடுத்துட்டு "எப்படி இருக்கு"ன்னு கேட்டு நிக்காதீங்க, அது மறுபடியும் இன்ஸ்பெக்‌ஷன் ஆயிடும். வெயில் காலத்துல வடாம் போடறாங்கன்னா கூழ் கிளர்றது தான் கை ஒடியற வேலை, அதை வாங்கிக்கங்க. அப்புறம் மொட்டை மாடியில குடையைப் பிடிச்சுக்கிட்டு காக்கா ஓட்டலாம், பாதி காஞ்ச வடாமை ஓரத்துலருந்து பிச்சு வாயில போட்டுக்கலாம், யாரும் கணக்கு கேக்க மாட்டாங்க. இந்த மாதிரி அல்ப சந்தோஷத்துக்கு சர்வீஸ்ல இருந்தப்ப உங்களுக்கு நேரம் எங்க இருந்துச்சு?

ஒரே ஒரு கண்டிஷன். எடுத்த வேலையை கடைசி வரைக்கும் நீங்களே முடிக்கணும். ஸ்பேனர் எங்க, பழைய துணி எங்க, இதைப் பிடி, அதை எடுன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்கன்னா அது நீங்க செஞ்ச வேலை இல்லை, அவங்க ரெண்டாவது தடவை செஞ்ச வேலை. முதல்ல வாஷ்பேசினைப் பாருங்க. தண்ணி தேங்கி நிக்குதுன்னா அடியில தொங்கற பாட்டில் ட்ராப்பைக் கையாலயே திருகிக் கழட்டலாம். உள்ள சிக்கியிருக்கற நரைமுடி பெரும்பாலும் உங்க ஷேவிங்ல போனது தான். கழட்டறதுக்கு முன்னாடி கீழ பக்கெட் வைக்க மறந்துடாதீங்க.