தையல் பக்கம்: ஆபிரிக்கத் துணி பற்றி நீங்கள் கேட்டவை

போன இதழில் பத்திக் பற்றி எழுதும்போது ஆபிரிக்கத் துணிகளையும் ஒரு வரியில் தொட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தமுறை கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. மற்றக் கேள்விகளை அடுத்த இதழில் பார்ப்போம், இந்தப் பக்கம் முழுக்க இதற்கே.

கேள்வி: அக்கா, நான் உப்புவெளியில் வீட்டோடு இருந்து தைக்கிறேன். கடற்கரை ஹோட்டல்களுக்கு வரும் வெள்ளைக்காரர் 'ஆபிரிக்கன் பிரின்ட்' காற்சட்டை கேட்கிறார்கள் என்று கொழும்பில் துணி எடுத்துத் தைத்து வைத்தேன். ஒரு பெண் வந்து பார்த்துவிட்டு, இது ஆபிரிக்கத் துணியே இல்லை, ஒல்லாந்துத் துணி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பொய் சொல்லியா விற்கிறேன்? - உப்புவெளி வாசகி

பதில்: இல்லை தங்கச்சி. ஆனால் அந்தப் பெண் சொன்னதும் வெறும் பேச்சில்லை, அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. யாவாவில் கையால் மெழுகு வார்த்துச் செய்கிற பத்திக்கை இயந்திரத்தில் மலிவாக அடித்து அந்த ஊர்க்காரருக்கே விற்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து ஆலைக்காரர் கணக்குப் போட்டார்கள். மெழுகுக்குப் பதிலாக உருளையால் பிசின் பூசினார்கள். சாயத்தில் தோய்க்கும்போது பிசின் வெடித்து, வெடிப்புக்குள்ளே சாயம் இறங்கி, துணியெங்கும் நரம்பு மாதிரிக் கோடுகள் ஓடிவிட்டன. யாவாக்காரருக்கு அது பழுதாகத் தெரிந்தது. அதே துணி மேற்கு ஆபிரிக்காவில், இன்றைக்குக் கானா இருக்கிற கரைப்பக்கம், போய் இறங்கியபோது அந்தக் கோடுகளுக்காகவே விரும்பி எடுத்தார்கள், ஏனென்றால் ஒரு துண்டு மாதிரி இன்னொன்று இருக்காது. 1846இல் நெதர்லாந்தின் ஹெல்மொண்ட் நகரில் தொடங்கிய விளிஸ்கோ என்ற கம்பெனி இன்னமும் அந்தச் சந்தைக்குத் துணி அடிக்கிறது. இதைத்தான் 'வக்ஸ் பிரின்ட்', அதாவது மெழுகு அச்சுத் துணி, என்கிறார்கள்.

அப்படியென்றால் அது யாருடைய துணி? அடித்தது ஒல்லாந்து ஆலை, ஆனால் அதைப் பேசவைத்தவர்கள் ஆபிரிக்கப் பெண்கள் என்றுதான் நான் சொல்வேன். டோகோவின் தலைநகரான லோமேயில் இந்தத் துணியை மொத்தமாக எடுத்து விற்ற பெண்கள் பென்ஸ் கார் வாங்கும் அளவுக்குச் சம்பாதித்தார்கள், அதனால் ஊர் அவர்களை 'நானா பென்ஸ்' என்றே கூப்பிட்டது. எந்த டிசைன் ஓடும், எது ஓடாது என்பது அவர்களுக்குத் தெரியும். டிசைனுக்குப் பெயரும் சந்தைப் பெண்களே வைப்பார்கள், பெயர் பிடித்துப்போனால் துணியும் பிடித்துப்போகும். கூண்டிலிருந்து பறவைகள் பறக்கிற மாதிரி ஒரு டிசைன் உண்டு, அதன் பெயர் 'நீ வெளியே போனால் நானும் போவேன்'. ஊர்சுற்றுகிற புருஷனுக்கு முன்னால் மனைவி அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு நடந்தால் வேறு வார்த்தையே தேவையில்லை.

ஆகவே உங்கள் காற்சட்டையில் 'மேற்கு ஆபிரிக்க வக்ஸ் பிரின்ட்' என்று ஒரு சின்ன அட்டை தொங்கவிடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் துணியைத் திருப்பிப் பாருங்கள். உண்மையான வக்ஸ் என்றால் இரண்டு பக்கமும் நிறம் ஒரேமாதிரி இருக்கும், கரையோரத்தில் செய்த கம்பெனியின் பெயர் அச்சாகியிருக்கும். பின்பக்கம் வெளிறிக் கிடந்தால் அது பார்த்து அடித்த மலிவுத் துணி. விற்கக்கூடாது என்றில்லை, ஆனால் வக்ஸ் விலைக்கு விற்காதீர்கள். கானாவில் ஜீரிபி, ஏரிஎல் போன்ற உள்ளூர் ஆலைகளே இந்தப் பார்த்து அடித்த துணிகளால்தான் நொந்துபோயிருக்கின்றன.

கேள்வி: மகன் வெளிநாட்டிலிருந்து அந்தத் துணியில் ஒரு சட்டை அனுப்பினார். கழுவினால் சாயம் போகுமா? - ஓர்ஸ் ஹில் வாசகி

பதில்: முதல் ஒன்றிரண்டு தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் காயப்போடுங்கள், நம் ஊர் வெயிலில் எந்த நீலமும் தாங்காது. உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், அதை நம்பி இருக்க வேண்டாம்.

கேள்வி: என் மகள் தரம் எட்டில் படிக்கிறாள். பாடசாலைக் கலை விழாவில் அவள் குழுவுக்கு 'ஆபிரிக்க நடனம்' கொடுத்திருக்கிறார்கள். முகத்திலும் கையிலும் கரி பூசி, வைக்கோல் பாவாடை கட்டி, கையில் ஈட்டியோடு வரவேண்டுமாம். மகளுக்கு விருப்பமில்லை. எனக்கும் ஏதோ உறுத்துகிறது, ஆனால் ரீச்சரிடம் என்னவென்று சொல்வது? - திருகோணமலை நகரிலிருந்து ஒரு தகப்பன்

பதில்: அண்ணா, உங்களுக்கு உறுத்தியது சரியான உறுத்தல். கரி பூசவே கூடாது, இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஒருவருடைய தோலின் நிறம் வேஷம் கிடையாது. மேடையில் கரியைப் பார்த்ததும் சபை சிரிக்கும், அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கே தெரிந்திருக்கிறது, அதனால்தான் அவள் மாட்டேன் என்கிறாள். அதைவிட, நம் சபையிலேயே கறுப்பு என்று கேலி கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்!

ஐக்கிய நாடுகள் சபையில் இருக்கிற ஆபிரிக்க நாடுகள் மட்டும் 54. நெசவிலும் சாயத்திலும் மணி கோப்பதிலும் பெரிய கைகாரர்கள் வாழ்கிற ஒரு கண்டத்தை வைக்கோலும் ஈட்டியுமாக நம் பிள்ளைகளுக்குக் காட்டினால் அவர்கள் காலம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ரீச்சரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கையில் ஒரு மாற்று யோசனையோடு போங்கள். கென்யா, தன்சானியா, சன்சிபார் கரையோரங்களில் பெண்கள் கட்டுகிற கங்காவை எடுங்கள். சுமார் ஒன்றரை மீற்றர் நீளமும் ஒரு மீற்றருக்குச் சற்று மேல் அகலமும் உள்ள பருத்தித் துணி, சுற்றிவர அகலமான கரை, நடுவில் பெரிய ஒரு சித்திரம், அதற்குக் கீழே சுவாகிலி மொழியில் ஒரு வாசகம். இரண்டு இரண்டாகத்தான் வாங்குவார்கள், ஒன்று இடுப்புக்கு, மற்றது தலைக்கும் தோளுக்கும். அந்த வாசகத்தைப் பார்த்துத்தான் துணியே தெரிவு செய்வார்கள். மாமியாருக்குச் சொல்ல வேண்டியது, பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்ல வேண்டியது, மகளின் கலியாணத்துக்கு வாழ்த்து எல்லாம் துணியிலேயே போய்விடும். 'அவசரத்தில் பறக்கத்து (இறையருள்) இல்லை' என்ற சுவாகிலிப் பழமொழியை இதற்கு எடுத்துக்கொள்ளலாம், நம் மூதூர், கிண்ணியாப் பக்கத்தில் யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

பிள்ளைகளே வெள்ளைப் பருத்தியில் கரை கீறி, ஆளுக்கொரு வாசகம் தமிழில் எழுதி, அதைக் கட்டிக்கொண்டு ஆடட்டும். அறிவிப்பில் இது கிழக்கு ஆபிரிக்கக் கரையோரத்துக் கங்கா முறை, துணியை நாங்களே செய்தோம் என்று சொல்லட்டும். அவரவர் முகம் அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: அக்கா, நான் ஃபேஷன் டிசைன் டிப்ளோமா கடைசி வருடம். கென்தே துணியின் படங்களை இணையத்திலிருந்து எடுத்து, டிஜிட்டல் பிரின்ட் அடித்து, அபாயாவும் மேலங்கிகளும் செய்ய யோசித்தேன். துணி எல்லோருக்கும் பொது, எதையும் எடுக்கலாம் என்கிறார் எங்கள் மிஸ். கூடப் படிக்கிற ஒருத்தி இது களவு, தொடவே கூடாது என்கிறாள். எதைக் கேட்பது? - கிண்ணியா மாணவி

பதில்: இரண்டையும் கேட்காதே பிள்ளை. நெசவு பார்த்துக் கற்கிற தொழில், தொடவே கூடாது என்றால் உலகத்தில் ஒரு துணியும் பிறந்திருக்காது. அதற்காக ஆளில்லாக் காணி மாதிரி உள்ளே புகுந்து அள்ளிக்கொண்டு வருவதும் சரியில்லை.

முதலில் கென்தே எப்படி உண்டாகிறது என்று பார். கானாவின் அசந்தே மக்களும் ஈவே மக்களும் நெய்வது. தறி மிக ஒடுக்கம், வருவது சுமார் நான்கு அங்குல அகலமான பட்டி. பட்டியில் ஒரு கட்டம் பூ விழும், அடுத்த கட்டம் வெறும் கோடு, பிறகு மறுபடி பூ. இப்படி நீளமாக நெய்ததைத் துண்டுகளாக வெட்டி, பக்கம் பக்கமாக வைத்துத் தைக்கும்போது ஒரு பட்டியின் பூ அடுத்த பட்டியின் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். நாங்கள் படத்தில் பார்த்து வியக்கிற அந்தக் கட்டங்கள் முழுவதும் அந்தத் தையலில் கூடி வருபவை. நெய்தவருக்கு இரண்டாம் பட்டி எங்கே உட்காரும் என்று முதலாம் பட்டியிலேயே மனக்கணக்கு இருக்க வேண்டும். 'அட்வினாசா' என்று ஒரு டிசைன், நெசவாளர் தனக்குத் தெரிந்த பூ அத்தனையையும் அதில் போட்டு முடித்துவிட்டார், இனிப் போட ஒன்றுமில்லை என்று அர்த்தம். 2024இல் யுனெஸ்கோ கென்தே நெசவை மனிதகுலத்தின் மரபுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. இதைப் படம்பிடித்து பொலியெஸ்டரில் அடித்தால் நிறம் மட்டும் வரும், நெசவாளரின் கூலியும் பெயரும் வழியிலேயே விழுந்துவிடும்.

மாலி நாட்டில் கிறிஸ் செய்து என்றொரு டிசைனர் இருந்தார், 1949இல் பிறந்து 1994இல் இறந்தவர். சேற்றால் வரைந்து செய்கிற பொகொலான் துணியை மேல்நாட்டுக் கோட்டும் பாவாடையுமாக வெட்டி உலகத்துக்குக் காட்டியவர் அவர். இலைச் சாற்றில் தோய்த்த துணியில் புளிக்கவைத்த சேற்றைப் பூசினால் சேற்றிலிருக்கும் இரும்புச்சத்து சாற்றோடு சேர்ந்து கறுத்துப் பிடிக்கும், அப்படி எழுதுகிற ஒவ்வொரு கோட்டுக்கும் பொருள் உண்டு. அந்த ஊரிலேயே பிறந்த அவருக்கே அதில் கத்தரிக்கோல் வைக்கக் கை தயங்கியது. பிறகு பொகொலானைப் பார்த்து, உடுப்புத் தைக்கவென்றே அச்சுத்துணி ஒன்றை வடிவமைத்தார். அந்தத் தயக்கம் உனக்கும் வரட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

உன் வயதில் உன்னைப் போலவே மாணவனாக இருந்தவர் தென்னாபிரிக்காவின் லடூமா இங்கொக்கோலோ. அவருடைய கோசா இனத்து இளைஞர்கள் பருவச் சடங்கு முடிந்து வந்தபின் புது உடுப்புத்தான் போட வேண்டும், ஆனால் கடையில் கிடைப்பதெல்லாம் மேல்நாட்டுக் கம்பளிச் சட்டை. கோசாப் பெண்கள் கோக்கும் மணி டிசைனிலேயே ஏன் பின்னக்கூடாது என்று 2010இல் படிப்புக்காகத் தொடங்கியதுதான் மக்கோசா என்ற அவருடைய இன்றைய உடுப்புக் கம்பெனி. 2018இல் ஸாரா கம்பெனி விற்ற காலுறையில் தன் டிசைன் இருக்கிறது என்று அவர் குரல் கொடுத்தார், காலுறையைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். உன் மிஸ் சொல்வதுபோல எல்லாம் பொது என்றால் பெரிய கம்பெனிக்குத்தான் லாபம், இவர் மாதிரி ஆட்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

சரி, நீ என்ன செய்யலாம்? பூவை விட்டுவிடு, முறையை எடு. மருதமுனை நம் கிழக்கிலேயே இருக்கிறது, அங்கே ஒரு நெசவாளரோடு உட்கார்ந்து, நான்கு அங்குலப் பட்டிகளாக உனக்கென்று நெய்யக் கேள், கூலியை முதலிலேயே பேசிக்கொள். பட்டியில் உன் ஊர் வரட்டும், கொட்டியாரக் குடாவின் நீலமும் பச்சையும் போதாதா என்ன! அந்தப் பட்டிகளைச் சேர்த்துத் தைத்துத்தான் உன் அபாயாவின் கையும் கரையும். இன்னொரு வழி நைஜீரியாவின் அபெயோகுட்டாப் பெண்கள் செய்யும் அடிரே. மரவள்ளி மாவைக் காய்ச்சிக் கோழி இறகால் துணியில் கோலம் எழுதி, காயவைத்து, அவுரிச் சாயத்தில் தோய்ப்பார்கள், மா இருந்த இடம் வெளுப்பாக நிற்கும். மரவள்ளிக்கு உனக்கா பஞ்சம்? காட்சிக்கு வைக்கும்போது 'கானாவின் அசந்தே, ஈவே நெசவாளரின் பட்டி முறையைப் பார்த்துக் கற்றது, துணி மருதமுனைக் கைத்தறி' என்று எழுதி, நெய்தவரின் பெயரையும் அவர் சம்மதத்தோடு போடு. 'ஆபிரிக்கன் லுக்' என்று மட்டும் எழுதிவிடாதே.

கேள்வி: எங்களுக்கும் ஆபிரிக்காவுக்கும் துணியில் ஏதாவது பழைய தொடர்பு உண்டா? என் தகப்பனார் கட்டம்போட்ட மதராஸ் சாரம்தான் கட்டுவார், அதே கட்டத்தை நைஜீரியக் கலியாணப் படமொன்றில் பார்த்தேன். - தம்பலகாமம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. பழவேற்காடு, மதராஸ் கரையில் நெய்த கட்டத்துணி ஐரோப்பியக் கப்பல்களில் நூற்றாண்டுக்கணக்காக மேற்கு ஆபிரிக்காவுக்குப் போனது. நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அந்தத் துணியை எடுத்து, பிளேடாலோ கத்தி நுனியாலோ குறிப்பிட்ட நூல்களை மட்டும் அறுத்து உருவுவார்கள். கட்டத்துக்குள்ளே இன்னொரு டிசைன் எழும்பிவிடும், அதுதான் அவர்களுடைய பெலெடெ பிடெ. இக்போப் பெண்கள் கலியாணத்துக்குக் கட்டுகிற விலையான துணிக்கு ஜோர்ஜ் என்று பெயர், மதராஸ் சென் ஜோர்ஜ் கோட்டையிலிருந்து வந்த பெயர் அது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலத்தில் படைக்கும் வேலைக்குமாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வம்சம் நம் நாட்டிலேயே இருக்கிறது. புத்தளம் சிராம்பியடியில் அவர்கள் பாடுகிற மஞ்சா பலருக்குத் தெரியும், ஆனால் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் அந்தக் குடும்பங்கள் உண்டு என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியாது. தகப்பனாரின் சாரம் இன்னும் பெட்டிக்குள் கிடந்தால் கரை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் ஐயா, அடுத்த இதழில் கட்டாயம் போடுவேன்.