உச்சியில் இரண்டு வாணலிகள்

வணக்கம் ஐயா,

போன மாதம் லண்டன் பிரிக் லேனில் ஒரு உணவகத்தில் சாப்பிட்டோம். வெளியே வந்து நிமிர்ந்தால், கட்டடத்தின் உச்சியில் நீளக் காம்போடு இரண்டு வாணலிகள் குறுக்காகப் பதித்திருந்தன. உணவக விளம்பரம் என்று நினைத்தேன். பழைய பப்பின் அடையாளம் என்றாள் மகள். கீழே எல்லாம் மாறிவிட்டது, மேலே மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?

ந., லண்டன்

அன்புள்ள ந.,

மகள் சொன்னது சரி. வாணலிகளோடு 'யி ஃப்ரையிங் பேன்', அதாவது 'வாணலி', என்ற பப்பின் பெயரும் அங்கே உண்டு. 'ஜாக் தி ரிப்பர்' என்ற தொடர் கொலைகாரனுக்குப் பலியானதாகக் கருதப்படும் மேரி ஆன் நிக்கோல்ஸ், 1888 ஆகஸ்ட் 31 பின்னிரவில் கொலையுண்டதற்குச் சில மணி நேரம் முன்பு இந்த பப்பில்தான் இருந்தார். அதனால் அங்கே நிற்கும் பயணிகளுக்குக் கொலைக்கதைதான் கிடைக்கிறது. இப்போதுள்ள கட்டடமோ 1891-இல் எடுத்துக் கட்டியது. அதைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

அந்த வாணலிகள் சுடுமண்ணால் ஆனவை. அக்கால லண்டனில் கரிப்புகை கல்லை அரித்தது. நன்றாகச் சுட்ட மண்ணை அது எளிதில் அரிக்காது. பெயர்ப்பலகை என்றால் பப்காரரோடு இறங்கிப் போயிருக்கும். இது சுவரோடு சுவராக நிற்கிறது. எடுக்க வேண்டுமென்றால் சாரம் கட்டி உடைக்க வேண்டும். எந்தக் கடைக்காரர் அதற்குச் செலவு செய்வார்?

கீழ்த்தளத்தின் கதை வேறு. விக்டோரியா காலத்து பப் தன் உள்ளை மறைத்துக்கொள்ளும். குடிப்பவர் தெருவுக்குத் தெரியக்கூடாது என்று சன்னல்களில் பூவேலை செய்த மங்கல் கண்ணாடி. சாதாரணக் கூடம், வசதியானவர் கூடம் என உள்ளே மரத்தடுப்புகள், அவற்றுக்குத் தனித்தனி வாசல்கள். கடைக்கு இதெல்லாம் இடைஞ்சல். சரக்கு வெளியே தெரிய வேண்டும், வாசல் ஒன்றே போதும். ஆகவே மங்கல் கண்ணாடியும் தடுப்பும்தான் முதலில் போகும்.

இங்கிலாந்தில் பெரும்பாலான பப்புகளைக் கடையாக்க 2017 மே வரை திட்ட அனுமதியே தேவைப்படவில்லை. இப்போது தேவை. ஆனாலும் அரசின் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் ஏறாத பப்பின் உள்ளிருக்கும் மரவேலையைப் பிடுங்கிப்போட இன்றும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இதுதான் என்னை உறுத்துகிறது. பப் கடையாவதில் எனக்கு வருத்தமில்லை. ஆள் புழங்கினால்தான் கட்டடம் நிற்கும். தச்சரின் வேலை குப்பைவண்டியில் போவதைத்தான் தாங்க முடியவில்லை.

நீங்கள் மளிகை வாங்கும் தமிழ்க் கடையே ஒரு காலத்தில் பப்பாக இருந்திருக்கலாம். தெருமுனையில், இரு தெருவுக்கும் தெரியும்படி மூலையைச் சீவி வாசல் வைத்திருக்கிறதா? வாசலருகே நடைபாதையில் இரட்டைக் கதவு படுத்திருக்கிறதா? பீர் பீப்பாய்களை நிலவறைக்கு இறக்கிய வழி அது.