சர்வீஸ் சார்ஜ் திடீரென்று ஏறிவிட்டது: கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: கிழக்கு லண்டனில் ஹவுசிங் அசோசியேஷன் (லாப நோக்கமில்லாமல் வீடு வாடகைக்கு விடும் அமைப்பு) ஃபிளாட் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். ஏப்ரலிலிருந்து சர்வீஸ் சார்ஜ் (துப்புரவு, லிஃப்ட் போன்ற பொதுச் செலவுக்கான கட்டணம்) வாரத்துக்கு 11.40 பவுண்டிலிருந்து 19.85 பவுண்டாக ஏறுகிறது என்று கடிதம் வந்திருக்கிறது. அதில் ‘முந்தைய ஆண்டுப் பற்றாக்குறை’ என்று 3.10 பவுண்டு வேறு. போன குளிர்காலம் பூராவும் லிஃப்ட் ஓடவில்லை. கட்டாமல் நிறுத்தி வைக்கலாமா? யுனிவர்சல் கிரெடிட்டில் (அரசு தரும் உதவித்தொகை) இது கிடைக்குமா?

பதில்: நிறுத்தி வைக்காதீர்கள். பல வாடகை ஒப்பந்தங்களில் சர்வீஸ் சார்ஜும் வாடகையோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். பாக்கி விழுந்தால் அது வாடகை பாக்கியாகிவிடும், வீட்டுக்கே வினை. ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள். பணம் கட்டிய ஒரே காரணத்துக்காக அந்தத் தொகையை நீங்கள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

சரி, இனி கணக்குக்கு வருவோம். சர்வீஸ் சார்ஜில் இரண்டு வகை உண்டு. நிலையான கட்டணம் என்றால் ஆண்டு தொடக்கத்தில் சொன்ன தொகைதான்; செலவு கூடினாலும் குறைந்தாலும் பின்னால் சரிக்கட்ட முடியாது. மாறும் கட்டணம் என்றால் முதலில் ஒரு மதிப்பீட்டை வசூலிப்பார்கள். ஆண்டு முடிந்து கணக்கு பார்த்து, குறைந்ததை உங்களிடம் கேட்பார்கள், மிஞ்சியதை உங்கள் கணக்கில் கழிப்பார்கள். உங்கள் கடிதத்தில் பற்றாக்குறை என்று ஒரு வரி இருக்கிறதே, அதுதான் துப்பு. ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே ‘நிலையான கட்டணம்’ என்று இருந்தால் அந்த 3.10-ஐக் கேட்க அவர்களுக்கு வழியே இல்லை. ‘மாறும் கட்டணம்’ என்று இருந்தால் கேட்கலாம். ஆனால் அப்போது உங்களுக்கும் நிறைய உரிமைகள் வந்துவிடுகின்றன.

அந்த உரிமைகள் 1985-ஆம் ஆண்டின் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் (வீட்டு உரிமையாளர், வாடகைதாரர்) சட்டத்தில் இருக்கின்றன. செலவு நியாயமானதாக இருக்க வேண்டும், செய்த வேலையும் நியாயமான தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. செலவாகி 18 மாதத்துக்கு மேல் ஆன பிறகு, இடையில் எழுத்தில் எதுவும் தெரிவிக்காமல், திடீரென்று பில் அனுப்பினால் கட்டத் தேவையில்லை. பற்றாக்குறை எந்த ஆண்டுக்கு உரியது என்று கேட்கச் சொல்வது இதனால்தான்.

செலவுச் சுருக்கத்தை எழுத்தில் கேளுங்கள். அது கைக்கு வந்த 6 மாதத்துக்குள் பில்களையும் ரசீதுகளையும் நேரில் பார்க்கக் கேட்கலாம். பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. அதில் எதைத் தேடுவது? துப்புரவுக்கு ஆண்டுக்கு 9,984 பவுண்டு, கட்டடத்தில் 48 ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். 48-ஆலும் 52-ஆலும் வகுத்தால் வாரத்துக்குச் சரியாக 4 பவுண்டு. உங்கள் கடிதத்தில் 5.20 என்று இருந்தால், யாரோ 48-க்குப் பதில் குறைவான எண்ணால் வகுத்திருக்கலாம், அல்லது பக்கத்துக் கட்டடத்தின் செலவும் உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். இந்த மாதிரித் தவறு நீங்கள் நினைப்பதைவிட அதிகம் நடக்கும். லிஃப்டுக்கு வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கும். லிஃப்ட் நின்றாலும் அதற்குப் பணம் போய்க்கொண்டுதான் இருக்கும். அதனால் ‘ஓடவில்லை’ என்று மட்டும் எழுதாமல், எந்தத் தேதியில் புகார் செய்தீர்கள், யார் எப்போது வந்து பார்த்தார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். வாதத்துக்கு வலு அதில்தான்.

கூரை, வெளிச்சுவர் பழுதுபார்ப்பு உங்கள் பட்டியலில் இருந்தால் தனியாகக் கேள்வி எழுப்புங்கள். சாதாரண வாடகைதாரருக்கு அது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு; கட்டணமாகத் தள்ளிவிட முடியாது. உங்களுடையது ‘அஃபோர்டபிள் ரெண்ட்’ வகை என்றால் இன்னொன்று: சந்தை வாடகையில் 80 சதவீதம் என்ற உச்சவரம்பு சர்வீஸ் சார்ஜையும் சேர்த்தே.

பதில் திருப்தியில்லை என்றால் எங்கே போவது என்பதில் பலர் குழம்புகிறார்கள். தொகை நியாயமா என்று தீர்மானிப்பது ஃபர்ஸ்ட்-டியர் டிரைபியூனல் என்ற தீர்ப்பாயம்; அதுவும் மாறும் கட்டணத்துக்குத்தான். கடிதத்துக்குப் பதிலே வரவில்லை, லிஃப்ட் புகாரை இழுத்தடித்தார்கள் என்றால், அசோசியேஷனின் புகார் நடைமுறையை முடித்துவிட்டு ஹவுசிங் ஓம்புட்ஸ்மனிடம் (வீட்டுப் புகார்களை விசாரிக்கும் சுயேச்சை அமைப்பு) போகலாம், செலவில்லை. தொகை கூடுதல் என்று மட்டும் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கவுன்சில் (உள்ளாட்சி) வீட்டு வாடகைதாரர்களுக்கு, நீண்டகால லீஸ் இல்லாவிட்டால், மேலே சொன்ன 1985 சட்டத்தின் சர்வீஸ் சார்ஜ் உரிமைகள் பொருந்தாது. அதனால் கவுன்சில் வீட்டில் இருக்கும் நண்பர் சொல்வதை அப்படியே பின்பற்றாதீர்கள்.

யுனிவர்சல் கிரெடிட்: பொது இடத் துப்புரவு, படிக்கட்டு விளக்கு, லிஃப்ட் போன்றவற்றுக்குக் கிடைக்கும். உங்கள் வீட்டுக்குள் வரும் ஹீட்டிங், தண்ணீர், மின்சாரத்துக்குக் கிடைக்காது. கடிதத்தில் இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை என்றால் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஏப்ரலில் புதுத் தொகை அமலுக்கு வந்ததும் உங்கள் யுனிவர்சல் கிரெடிட் ஆன்லைன் கணக்கின் ஜர்னலில் (செய்தி எழுதும் பக்கம்) தெரிவித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் நடுவில் போன பணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது.