ஒரே கார், வேரியண்டுக்கு ஒரு ரேஞ்ச் ஏன்? கேள்வி பதில்

மின்சார கார் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. பெயர் ஒன்று, தோற்றம் ஒன்று, ஆனால் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், மட்டும் வேரியண்டுக்கு வேரியண்ட் மாறுகிறதே, ஏன்? நான் நான்கு வருடமாக மின்சார காரில்தான் போய்வருகிறேன். ஒவ்வொரு பயணத்துக்கும் எத்தனை யூனிட் ஆனது என்று நோட்டில் எழுதி வைப்பேன். அந்தக் கணக்கை வைத்தே பதில் சொல்கிறேன். பேட்டரி அளவை கிலோவாட் ஹவர் என்று போட்டிருப்பார்கள். அது நம் வீட்டு கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். இங்கே யூனிட் என்றே எழுதுகிறேன்.

சேலம் வாசகர்: கிரெட்டா எலக்ட்ரிக் பார்த்தேன் சார். ஒன்றுக்கு 390 கி.மீ., இன்னொன்றுக்கு 473 என்கிறார்கள். பேட்டரி மட்டும்தான் வித்தியாசமா?

பெரும்பாலும் அதுதான். 2025 ஜனவரியில் வந்தபோது சின்ன பேட்டரி 42 யூனிட், பெரியது 51.4 யூனிட். பேட்டரி 22 சதவீதத்துக்குக் கொஞ்சம் அதிகம், ரேஞ்ச் 21 சதவீதம் அதிகம். கூடுதல் யூனிட்டைச் சுமக்கும் எடைக்கே கொஞ்சம் யூனிட் போய்விடும். அதனால் பேட்டரி கூடும் அதே அளவுக்கு ரேஞ்ச் கூடும் என்று எதிர்பார்க்க முடியாது.

தாம்பரம் வாசகி: மாதம் ஒருமுறை திருச்சி போவோம் அண்ணா. அப்படியென்றால் பெரிய பேட்டரி வாங்குவதுதானே நல்லது?

கொஞ்சம் பொறுங்கள், கணக்குப் போட்டுவிடுவோம். என் வண்டி பைபாஸில் 80-ல் போனால் 100 கிலோமீட்டருக்கு 13 யூனிட் எடுக்கும். 100-ல் போனால் 16, 17 ஆகிவிடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் கால் பங்கு ஏறினால் எதிர்ப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டும்.

17 என்றே வைத்துக்கொள்வோம். கடைசிப் பத்து சதவீதத்தைத் தொடாமல் ஓட்டினால் 42 யூனிட் பேட்டரி ஏறக்குறைய 220 கி.மீ. தரும், 51.4 யூனிட் 270 தரும். தாம்பரத்திலிருந்து திருச்சி 300 கிலோமீட்டர். எதை வாங்கினாலும் வழியில் ஒருமுறை நின்று சார்ஜ் போட்டுத்தான் ஆக வேண்டும். பெரிய பேட்டரியில் அங்கே நிற்கும் நேரம் குறையும், அவ்வளவுதான். அடிக்கடி போகும் ஊருக்கு எத்தனை முறை நிற்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள். அந்த எண்ணிக்கை மாறவில்லை என்றால் கூடுதல் பணம் தேவையா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். சென்னைக்குள்ளேயே தினம் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுபவர்களுக்கு நான் தயங்காமல் சின்ன பேட்டரியைத்தான் சொல்வேன்.

மதுரை வாசகர்: பிஒய்டி நிறுவனத்தின் சீல் காரில் இரண்டு வேரியண்டுக்கு ஒரே பேட்டரி. ஆனால் ஒன்று 650, மற்றது 580. அதெப்படி?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி, ஏனென்றால் இதில்தான் விஷயமே இருக்கிறது. 2024 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த சீலில் பிரீமியம், பெர்ஃபார்மன்ஸ் இரண்டிலும் 82.56 யூனிட் பேட்டரிதான். பிரீமியத்தில் பின்சக்கரங்களுக்கு மட்டும் மோட்டார். பெர்ஃபார்மன்ஸில் முன்னாலும் ஒன்று. அந்த இரண்டாவது மோட்டார், அதன் கியர், அதை இயக்கும் இன்வெர்ட்டர் எல்லாமே எடை. அது போக, நீங்கள் மெதுவாகப் போனாலும் முன்பக்க கியரும் பேரிங்குகளும் சேர்ந்து சுற்றும், அந்த உராய்வுக்கும் யூனிட் போகும். 70 கிலோமீட்டர் அப்படித்தான் குறைகிறது.

அதே காரில் கீழ் வேரியண்டான டைனமிக்கையும் பாருங்கள். 61.44 யூனிட்டுக்கு 510 கி.மீ., அதாவது யூனிட்டுக்கு 8.3. பிரீமியத்தில் 7.9, பெர்ஃபார்மன்ஸில் 7. மிகக் குறைவாக மின்சாரம் செலவழிப்பது விலை குறைந்த வேரியண்ட்தான். ரேஞ்சைப் பேட்டரி யூனிட்டால் வகுத்துப் பாருங்கள், ஷோரூமில் யாரும் சொல்லாததை அந்த ஒரு எண் சொல்லிவிடும்.

அதே வாசகர்: அப்படியானால் சக்கர அளவும் பாதிக்குமா?

நன்றாகவே பாதிக்கும். 2022-ம் ஆண்டு டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டுக்கு அமெரிக்க அரசின் கணக்கில் 19 அங்குலச் சக்கரத்தோடு 396 மைல், 21 அங்குலச் சக்கரத்தோடு 348 மைல். ஏறக்குறைய 77 கி.மீ. போய்விட்டது. பெரிய சக்கரம் என்றால் எடை கூடும், டயரும் அகலமாகி உருளும் எதிர்ப்பு கூடும். டாப் மாடல் வாங்கும்போது சன்ரூஃபைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், சக்கரத்தைப் பாருங்கள்.

ஈரோடு வாசகர்: நெக்ஸான் ஈவி 465 கி.மீ. என்று முன்பு போட்டிருந்தார்கள், பிறகு அதே பேட்டரிக்கு 390 என்றார்கள். வண்டியைக் குறைத்துவிட்டார்களா?

வண்டி அதேதான், 40.5 யூனிட்டும் அதேதான். சோதனைக் கணக்குதான் மாறியது. நம் நாட்டுச் சோதனையில் இரண்டு பகுதி உண்டு. முதல் பகுதி நகர ஓட்டம், வேகம் 50-ஐத் தாண்டாது. இரண்டாவது, 90 வரை போகும் வெளியூர் ஓட்டம். முன்பு முதல் பகுதியை மட்டும் வைத்து எண் சொன்னார்கள். இப்போது இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார்கள். 30 யூனிட் வேரியண்டும் இப்படித்தான் 325-லிருந்து 275 ஆனது. ஐரோப்பியச் சோதனையில் வேகம் 131 வரை போகும், அதனால் அங்கே எண் இன்னும் சின்னதாக வரும். ஒரு சோதனையின் எண்ணை இன்னொரு சோதனையின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

சோழிங்கநல்லூர் வாசகர்: ஏசி போட்டால் எவ்வளவு குறையும்?

நெரிசலில்தான் அதிகம் குறையும். ஏசிக்கு மணிக்கு ஒன்றரை யூனிட் என்று வையுங்கள். 20 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால் 100 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம், ஏழரை யூனிட். பைபாஸில் 80-ல் போனால் இரண்டு யூனிட்கூட ஆகாது. அந்த ஏழரை, சின்ன பேட்டரியில் பெரிய பங்கு.

கோவை வாசகர்: ஊட்டிக்கு 30 யூனிட் வண்டி போதுமா அண்ணே?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 1,900 மீட்டர் ஏற்றம். ஆட்களோடும் பெட்டிகளோடும் 1,800 கிலோ இருக்கும் வண்டியை அவ்வளவு உயரம் தூக்கவே 10 யூனிட் வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஒரு 6 யூனிட் சேர்த்தால் 16. மேட்டுப்பாளையத்தில் 80 சதவீதம் இருந்தால் பயமில்லாமல் ஏறலாம். பெரிய பேட்டரி வேரியண்ட் 80 கிலோ கூடுதல் என்றாலும் ஏற்றத்துக்கு அரை யூனிட்தான் அதிகமாகும். ஆனால் மேலே முழு சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள். ரீஜென் என்பது வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்துப் பேட்டரியில் ஏற்றுவது. நிறைந்த பேட்டரியில் அது வேலை செய்யாது, பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டிவரும். கொஞ்சம் இடம் விட்டு வைத்தால் இறங்கும்போது 4, 5 யூனிட் திரும்பி ஏறும்.

டொரொண்டோ வாசகி: இங்கே குளிர்காலத்தில் ஒரே காரின் பழைய மாடலும் புதிய மாடலும் வேறு மாதிரி ஓடுகின்றனவே?

ஹீட்டரைப் பாருங்கள். டெஸ்லா மாடல் 3-இல் 2021 மாடலிலிருந்து ஹீட் பம்ப் வந்தது. அதற்கு முன் சாதாரண மின் ஹீட்டர். ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஹீட் பம்ப் வெளிக்காற்றிலிருந்தும் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ தரும். கடும் குளிரில் அந்த லாபம் குறையும்.

திருநெல்வேலி வாசகர்: பேட்டரியைப் பூட்டி வைத்து விற்பார்கள் என்பது உண்மையா?

நடந்திருக்கிறது. 2016-ல் விற்ற டெஸ்லா மாடல் எஸ் 60-க்குள் 75 யூனிட் பேட்டரி இருந்தது, மென்பொருளால் 60-க்குக் கட்டுப்படுத்தியிருந்தார்கள். 2017 செப்டம்பரில் இர்மா புயலுக்காக ஃபுளோரிடாவில் மக்கள் வெளியேறியபோது தற்காலிகமாகத் திறந்துவிட்டார்கள். அது போக, எல்லா காரிலும் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது வழக்கம். முதலில் வந்த ஆடி இ-ட்ரானில் 95 யூனிட் இருந்தாலும் ஓட்டக் கிடைத்தது 83.6 தான். சில நிறுவனங்கள் மொத்த அளவைச் சொல்கின்றன, சில பயன்படும் அளவை. எது என்று கேட்டு வாங்குங்கள்.

கரூர் வாசகர்: முழு சார்ஜில் என் வண்டி 210 காட்டுகிறது. அதே 30 யூனிட் வேரியண்ட் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு 240. என் பேட்டரியில் குறையா?

திரையில் வரும் எண் நீங்கள் சமீபத்தில் ஓட்டிய விதத்தை வைத்து வண்டி போடும் கணக்கு. அவர் ஊருக்குள் ஓட்டியிருப்பார், நீங்கள் பைபாஸில் போயிருப்பீர்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு 100-லிருந்து 20 சதவீதம் வரை ஓட்டுங்கள். 24 யூனிட்டை ஒட்டிக் காட்டினால் பேட்டரி நன்றாக இருக்கிறது. 19, 20-லேயே 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டு வாரண்டி முடிவதற்குள் சர்வீஸுக்குக் கொண்டு போங்கள்.